நாலாம் நம்பர் லேன்

நீச்சல் குளத்தில் ஒன்றாம் நம்பர் லேன்தான் உசத்தி என்று நம்புகிற ஒருவர் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் இருக்கிறார். என் தாய்மாமா. அப்படி இல்லை மாமா என்று அவரிடம் சொல்ல எனக்கு இதுவரை மனசு வரவில்லை. சொன்னாலும் கேட்கிற ஆளும் இல்லை.

மாமாவுக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் போகிற ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வேலை அவருக்கு. படகில் ஏறும் அதிகாரிகளும் டாக்டர்களும் டூரிஸ்டுகளும் பேசிக்கொண்டு வருவதைப் பக்கத்தில் நின்று கேட்பார். பாதி கேட்டிருக்கும்போது இறங்குதுறை ஜெட்டி வந்துவிடும், கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மீதிப் பாதியை அவரே யோசித்து முடித்துக்கொள்வார். இப்படியே உலகத்தில் இருக்கிற எல்லாச் செய்தியும் அவரிடம் பாதிப் பாதியாகச் சேர்ந்திருந்தது. கேட்டால் தயக்கமே இல்லாமல் பதில் வரும். தயக்கம் இல்லாததால் நாங்களும் நம்பினோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா சென்னையில் இருந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். வருஷம் முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் என்று சொன்னாள். அப்பா ஜங்கிலிகாட்டில் டிங்கி என்கிற சின்னப் படகு வைத்து மீன்பிடித்துக்கொண்டிருந்தார். கராச்சர்மாவில் மாமா வீட்டை ஒட்டின மாதிரி எங்கள் வீடு. அத்தைதான் எனக்குத் தலை பின்னிவிடுவாள், சோறு போடுவாள், அடியும் போடுவாள். ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் அம்மா இல்லை. எங்கள் தீவில் எல்லாரும் எடுத்ததற்கெல்லாம் மெயின்லேண்ட் மெயின்லேண்ட் என்பார்கள். மெயின்லேண்டில் வெங்காயம் மலிவு, மெயின்லேண்டில் டாக்டர் நல்ல டாக்டர். எனக்கு அந்த வார்த்தை என்றால் அம்மா மட்டும்தான்.

நான் நீச்சல் குளத்துக்குப் போன கதை எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தொடங்குகிறது. எங்கள் ஆட்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இங்கே வந்தவர்கள். ஊரை விட்டு வந்தாலும் திருவிழாவை விட்டு வரவில்லை. திருவிழா அன்று காலையில் கடலில் நீச்சல் போட்டி நடக்கும். நங்கூரம் போட்ட டிங்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். விசில் ஊதினால் எல்லாரும் குதிப்பார்கள். முதலில் வந்தவர் முதல். அவ்வளவுதான் சட்டம். சாயங்காலம் மேடை போட்டுப் பரிசு கொடுப்பார்கள். சீஃப் கெஸ்ட் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதனால் மூன்று மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தால் எல்லாரும் ஐந்து மணிக்குத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

மேடையிலும் ஒரு முறை உண்டு. மைக்கில் பெயரைக் கூப்பிட்டவுடனே எழுந்து ஓடக்கூடாது. முதல் தடவை கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் தடவை பக்கத்தில் இருப்பவர்கள் போ போ என்று இடிப்பார்கள், அதற்கும் அசையக்கூடாது. மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான் பாவாடையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்திருக்க வேண்டும். முதல் தடவையே ஓடினால், பரிசுக்குப் பறக்குது பாரு என்று அடுத்த திருவிழா வரைக்கும் பேசுவார்கள். அந்த வருஷம் பெண்பிள்ளைகளில் நான்தான் முதலில் வந்தேன். மூன்றாம் தடவைக்குக் காத்திருந்து எவர்சில்வர் வாளி வாங்கினேன்.

அந்தப் போட்டியை வேடிக்கை பார்க்க வந்திருந்த கூட்டத்தில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவரும் இருந்தார். பெங்காலிக்காரர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அவர் அப்பாவைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்புங்கள், இரண்டு மாதத்தில் தீவுப் போட்டி வருகிறது, அதில் முதலில் வருகிறவர்களைத் தேசியப் போட்டிக்குக் கூட்டிப்போவோம் என்று ஹிந்தியில் சொன்னார். எங்கே என்று நான் கேட்டேன்.

“சென்னை,” என்றார் மேடம்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

குளத்துத் தண்ணீரை முதல் நாள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். உப்பே இல்லை. கடல் தாங்குகிற மாதிரி அது உடம்பைத் தாங்கவும் இல்லை. அலையும் கிடையாது, முதலை எச்சரிக்கைப் பலகையும் கிடையாது, தரை பளிச்சென்று தெரிந்தது. இதில் நீந்துவது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் சுவர் வந்ததும் ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டேன். மேடம் விசில் ஊதினார். மறுபடி போனேன், மறுபடி நின்றேன். தொடு தொடு என்று அவர் கத்துகிறார், எனக்குக் கை நீளவில்லை. ஜெட்டித் தூண் பக்கம் போனால் கையை நீட்டாதே, சிப்பி அறுத்துவிடும் என்று நடக்கத் தெரியாத வயசிலிருந்தே எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கடைசியில் மேடமே குனிந்து என் கையைப் பிடித்து அந்த வழவழப்பான டைல்ஸ் சுவரின் மேல் வைத்துத் தேய்த்தார். “தேக்கோ, குச் நஹி காட்டேகா,” என்றார். பார், ஒன்றும் அறுக்காது. ஒரு வாரம் அவர் அப்படித் தேய்த்த பிறகுதான் என் கை சுவரை நம்பியது.

சுவர் பழகிவிட்டது, பேச்சு பழகவில்லை. அந்தக் குளத்தில் ஒரு தனி பாஷை பேசினார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அஞ்சாறு வயசிலிருந்து அங்கேயே ஊறினவர்கள். ஹீட் என்றார்கள், சீட் டைம் என்றார்கள், ஸ்ப்ளிட் என்றார்கள், பி.பி. எவ்வளவு என்று என்னைக் கேட்டார்கள். நீந்தினதிலேயே சிறந்த நேரத்தைத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று தெரியாது, எனக்குத் தெரிந்த பி.பி. பக்கத்து வீட்டுத் தாத்தா மாத்திரை சாப்பிடுகிற பி.பி. மேடத்திடம் கேட்க வெட்கம். சாயங்காலம் மாமா டியூட்டி முடிந்து வந்ததும் அன்றைக்குச் சேர்ந்த வார்த்தைகளை எல்லாம் அவர் முன்னால் கொட்டுவேன்.

நான் சப்-ஜூனியர் பிரிவு என்று சொன்னபோது மாமா புருவத்தைத் தூக்கினார். “சப்-இன்ஸ்பெக்டர் எவ்ளோ பெரிய ஆளு? அதுமாதிரிதான். சும்மா ஜூனியரோட சேத்தி இல்ல நீ.” பெயர்ப் பட்டியலில் எல்லாருடைய பெயருக்கு நேரேயும் நேரம் போட்டிருக்க, எனக்கு மட்டும் என்.டி. என்று போட்டிருந்தது. நோ டைம் என்று அர்த்தமாம், ஏன் மாமா எனக்கு மட்டும் நேரமே இல்லை என்று அழுகிற குரலில் கேட்டேன். மாமா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உன் டைமை வெளிய சொன்னா மத்த பிள்ளைங்க பயந்துரும் மக்ளே. அதான் மறைச்சு வச்சிருக்காங்க. வெளிய சொல்லாத.” நானும் சொல்லவில்லை. அப்பா மட்டும் வலையைப் பிரித்துக்கொண்டே, “எதுக்கும் அந்த மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க மச்சான்,” என்றார். “டென்ஷன் மத் லோ,” என்று மாமா அவர் தோளைத் தட்டினார். கவலையே படாதே என்று அப்பாவிடம் சொல்வது மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் போன். நெட்வொர்க் விட்டு விட்டு வரும், பாதிப் பேச்சைக் கடல் தின்றுவிடும். நான் முதலில் வந்தால் சென்னைக்கு வருவேன் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன். “இருக்கேன்ட்டி, இருக்கேன்,” என்றாள். அடுத்த ஞாயிறு பேசும்போது எந்தக் குளம், எந்த பஸ் போகும் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். என்ன சாப்பிட ஆசை என்று கேட்டாள். நீ வந்து பாரு போதும் என்றேன்.

போட்டி நாளும் வந்தது. காலையில் குளத்துக்குப் போனதும் மேடம் என்னைப் பிடித்து, ஃபர்ஸ்ட் ஹீட், லேன் ஒன் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் ஓடினார். அவருக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. நான் பார்வையாளர் காலரியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த மாமாவிடம் ஓடினேன். மாமா அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

“முதல் ஹீட்டு, அதுலயும் ஒண்ணாம் நம்பர் லேனு. கேட்டியளா அத்தான்? முதல் மரியாதை நம்ம பிள்ளைக்குத்தான்.”

பெஸ்ட் ஆளை ஒன்றாம் லேனில் போடுவார்கள், அடுத்தவரை இரண்டில், இப்படியே எட்டு வரைக்கும் என்று அவர் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்துக்கும் ஹிந்தியில் விளக்கம் கொடுத்தார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

முதல் ஹீட்டைக் கூப்பிட்டார்கள். குதிக்கிற பலகை மேல் ஏறி நின்றேன். நீண்ட விசில் ஒன்று, பிறகு டேக் யுவர் மார்க்ஸ் என்ற குரல், பிறகு ஒரு சத்தம். குதித்தேன். தண்ணீருக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. ஐம்பது மீட்டர், ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். சுவரைத் தொட்டுத் திரும்பும்போது மற்ற லேன்களில் யாரையும் காணோம். தப்பான பக்கம் நீந்துகிறேனோ என்று பயந்துவிட்டேன். கடைசிச் சுவரைக் கையால் ஓங்கி அடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால் மற்றவர்கள் தூரத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வருகிறார்கள். காலரியில் மாமா துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஈரத்தோடு நான் வெளியே வரும்போது மேடம் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். என் கன்னத்தைக் கிள்ளினார். “தீன் பஜே ஃபைனல். லேட் மத் கர்னா,” என்றார். மூன்று மணிக்கு ஃபைனல், லேட் பண்ணாதே. சரி மேடம் என்றேன். அதை அப்படியே வந்து மாமாவிடம் ஒப்பித்தேன்.

எங்களுக்கு அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? காலையில் போட்டி முடிந்தது, நான் முதலில் வந்துவிட்டேன். முதலில் வந்தவர் முதல். பிறகு சாயங்காலம் இருப்பது மேடைதானே? ஒரு போட்டியில் ஜெயித்த பிள்ளையை மறுபடியும் தண்ணீரில் இறக்கி, எங்கே இன்னொரு தடவை ஜெயி பார்ப்போம் என்று எந்த ஊரிலாவது கேட்பார்களா? மாமா சொல்லவே வேண்டாம், எனக்கே அது தெரிந்திருந்தது.

பஸ் ஏறி கராச்சர்மாவுக்கு வந்தோம். வருகிற வழியிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு, ஃபர்ஸ்டும்மா ஃபர்ஸ்ட் என்று கத்தினேன், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் அம்மா யாரிடமோ, என் மக, என் மக என்று சொல்வது கேட்டது. வார்டில் இருந்த எல்லாருக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு நடுவில் அத்தைக்கும் செய்தி போய்விட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது கோழி பிரியாணி தம்மில் இருந்தது.

சாப்பிட்டு முடிக்கும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “போவமா?” என்றார். மாமா கையைக்கூடக் கழுவவில்லை. “மூணுன்னா அஞ்சு. போய் என்ன செய்யப் போறிய, சேரைத் தொடைக்கவா?” என்றார். அப்பா உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். “இல்ல, அந்த மேடம் லேட் பண்ணாதன்னு சொல்லியிருக்கு.” அப்பா ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்வது அபூர்வம். அதனால்தான் நாங்கள் அப்போதாவது கிளம்பினோம். இல்லாவிட்டால் ஐந்து மணிக்குத்தான்.

நீச்சல் உடுப்பு கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. திருவிழாவுக்கு வாங்கின ரோஸ் கலர் கவுனை அத்தை எனக்குப் போட்டுவிட்டாள். முகம் முழுக்கப் பவுடர். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரண்டு பக்கமும் ரிப்பன். மேடையில் போட்டோ எடுப்பார்கள், அதை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று அத்தை சொல்லிச் சொல்லிப் பின்னினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டுக்கு வரும்போதே மைக் சத்தம் கேட்டது. யாரோ பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“மாமா, என் பேரு.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. ஓடாத.”

நான் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டில் நின்றபடி அத்தை என் ரிப்பனை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டாம் தடவையும் என் பெயர் வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக. அப்பா ஒரு அடி முன்னால் வைத்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை என் பெயரைக் கூப்பிட்டபோது அது மேடத்தின் குரல் மாதிரியே இருந்தது. இப்போது போகலாம் என்று மாமா தலையசைத்தார். நான் கவுனைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, எங்கள் கோயில் மேடைக்கு ஏறுகிற மாதிரியே நடந்து உள்ளே போனேன்.

உள்ளே மேடையும் இல்லை, சீஃப் கெஸ்டும் இல்லை. குளத்து ஓரமாகப் பெண்பிள்ளைகள் வரிசையாக நீச்சல் உடுப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் போட்டி முடியவில்லையா என்று மாமாவைக் கேட்டேன். இது வேற செட்டு, இது முடிஞ்ச பிறகு உன்னை மறுபடி கூப்பிடுவாங்க, உக்காரு என்றார். காலரியில் போய் வரிசையாக உட்கார்ந்தோம். நீண்ட விசில் அடித்தது. பிள்ளைகள் பலகை மேல் ஏறினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நடுவில் ஒரு பலகை காலியாக இருந்தது.

“மாமா, நாலாம் நம்பர் லேன்ல யாரும் இல்ல.”

மாமா எட்டிப் பார்த்தார். “நாலுதானே, நாலாவது ஆளு அது. எப்படியும் ஜெயிக்க முடியாதுன்னு பயந்து வீட்டுக்குப் போயிருக்கும்,” என்றார்.

அந்தச் சத்தம் கேட்டது. ஏழு பேரும் குதித்தார்கள். ஏழு பேருடைய தண்ணீரும் வெள்ளையாகக் கொப்பளித்துக்கொண்டு போக, நாலாம் லேன் மட்டும் நீலமாகச் சும்மா கிடந்தது. பக்கத்து லேன்களின் அலை கயிற்றுக்கு மேலே தாண்டி வந்து அதில் லேசாக ஆடியது. நான் போட்டியைப் பார்க்கவே இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்து ரொம்பப் பாவமாக இருந்தது. யாரென்று தெரியாத பிள்ளை. ஒருவேளை பயப்படாமல் இருந்திருக்கலாம். பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம். அவளுக்கு வயிற்றுவலி ஏதாவது வந்திருக்கலாம். ஐந்தாம் லேன் பிள்ளை முதலில் வந்தாள். அவளுடைய அம்மா காலரியிலிருந்து கீழே ஓடிப்போய் அவளை ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். நான் கைதட்டினேன்.

பிறகு மெடல் கொடுத்தார்கள். சின்ன மரப் படி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு அதன் மேல் மூன்று பேரை நிற்க வைத்தார்கள். மூன்று பேரும் இப்போது நீந்தினவர்கள். அடுத்து என் பெயர் வரும் என்று நான் தலையைக் குனிந்து தயாராக உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மேடம் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாகக் காலரிப் படியேறி வந்தார். என் கவுனைப் பார்த்தார், பவுடரைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். திட்ட வந்தவர் திட்டவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டு ஹிந்தியில் தணிந்த குரலில் நிறையச் சொன்னார். எனக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும், ஆனால் அது குளத்து ஹிந்தி. ஹீட் என்றும் ஃபைனல் என்றும் லேன் ஃபோர் என்றும் மாறி மாறி வந்தது. மூன்று தடவை கூப்பிட்டேனே என்றார். கடைசியில், டி.என்.எஸ். என்று போட்டுவிட்டார்கள், நான் என்ன செய்வேன் என்று கையை விரித்தார். அப்பா ஒரு கேள்விதான் கேட்டார். இன்னொரு தடவை நீந்த விடுவார்களா என்று. மேடம் இல்லையென்று தலையாட்டினார். அப்பா திரும்பி மாமாவைப் பார்த்தார். மாமா அன்றைக்கு முதல்முறையாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்றுதான் தெரியவில்லை.

இப்போது நானே குளத்து ஓரத்தில் ஸ்டாப் வாட்ச் பிடிக்கிற ஆள். இதற்கு முன்னால் எந்தப் போட்டியிலும் நீந்தாததால் என்.டி. என்று போட்டிருக்கும் பிள்ளைகளை முதல் ஹீட்டில் ஓரத்து லேனில் போடுவார்கள். யாரும் அவர்களிடம் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. எல்லா ஹீட்டும், அதாவது தகுதிச் சுற்றுகளெல்லாம், முடிந்த பிறகு நேரங்களை ஒப்பிட்டு எட்டுப் பேரை ஃபைனலுக்கு எடுப்பார்கள். எட்டுப் பேரில் எல்லாரையும்விட வேகமாக வந்தவருக்கு நாலாம் நம்பர் லேன். அதுதான் நடு. நேரத்துக்குப் பலகை ஏறாதவர் பெயருக்கு நேரே டி.என்.எஸ்., டிட் நாட் ஸ்டார்ட், நீந்தவே தொடங்கவில்லை என்று போட்டு முடித்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் நாலைந்து வருஷம் ஆனது.

அன்றைக்கு பஸ்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மெடலும் போட்டோவும் இல்லை என்பது மட்டும்தான். மாமாவிடம் டி.என்.எஸ். என்றால் என்ன மாமா என்று கேட்டேன். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, தெரியல மக்ளே என்றார். மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்குப் புதிதாக இருந்தது. மாமாவுக்கே தெரியவில்லை என்றால் அது ரொம்பப் பெரிய விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா போன். அப்பா எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன்.

“அம்மா, எனக்கு டி.என்.எஸ். குடுத்திருக்காங்க.”

“அப்படியா என் தங்கம்,” என்றாள் அம்மா. “சிஸ்டர்கிட்ட லீவு சொல்லிட்டேன்ட்டி. நீ வர்ற வாரம் முழுக்க எனக்கு டியூட்டி இல்ல. எந்தக் கப்பல்னு சொன்னாங்களா?”

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். வாழை மரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என் நீச்சல் உடுப்பு அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. அவர் அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து, உள்ளே கொண்டுவந்து, என் ஸ்கூல் பையின் மேல் வைத்தார்.

ஏழு மணிக்கு எப்போதும்போல ஜெபமாலை. மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து எல்லாரும் முழங்காலில் நின்றோம். எங்கள் வீட்டில் ஒருவர் மந்திரத்தின் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது யாருக்காவது ஒப்புக்கொடுக்கலாம். அத்தை கடலில் இருப்பவர்களுக்கு ஒப்புக்கொடுத்தாள். என் முறை வந்தது. வழக்கமாக நான் அம்மாவுக்கு ஒப்புக்கொடுப்பேன். ஆனால் அம்மாவைத்தான் சீக்கிரம் பார்க்கப் போகிறேனே என்று தோன்றியது. மத்தியானம் பார்த்த அந்த நீலத் தண்ணீர் கண்ணை விட்டுப் போகவில்லை. அவளுக்கும் சென்னையில் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள்.

“வராமப் போன அந்த நாலாம் நம்பர் லேன் பிள்ளைக்காக,” என்று சொல்லிவிட்டு, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி என் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன்.

பின்பாதி வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். மாமா எழுந்து வெளியே போயிருந்தார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் சிவந்திருந்தது. மத்தியானம் பிரியாணியில் அத்தை காரத்தை ஜாஸ்தி போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாகப் பின்பாதியையும் நானே சொல்லி முடித்தேன்.